தொடக்கத்திலேயே உறைந்துவிடும் மடிக்கணினிக்கு ஒரு பென் டிரைவ்: சிஸ்டம்ரெஸ்கியூவை மூன்று கணினிகளில் பயன்படுத்திய பின்

பொத்தானை அழுத்தியதும் இலச்சினை தோன்றும். அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமிடத் தொடங்கும். சில நொடிகளில் அந்தப் புள்ளிகளும் அசையாமல் நின்றுவிடும். ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் மடிக்கணினி மூன்று வாரங்கள் இப்படித்தான் நடந்துகொண்டது. முதல் நாள் பத்து நிமிடம் காத்திருந்தபின் தானாகவே திரை விழித்தது. அடுத்த வாரம் அந்தக் காத்திருப்பு அரை மணி நேரமாக நீண்டது. மூன்றாவது வாரத்தில் இரவு முழுவதும் விட்டு வைத்தும் அது நகரவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில், புள்ளிகள் நான்கைந்து சுற்று முடித்த பிறகு நின்றது என்பதைக் கவனித்திருந்தேன். ஆனால் அதன் பொருள் அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்தக் கணினியைச் சரிசெய்ய உதவிய சிஸ்டம்ரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளைப் பற்றியதே இந்த மதிப்பீடு. அதன்பின் வேறு இரண்டு மடிக்கணினிகளிலும் அதே வகைக் கோளாறுக்கு இதைப் பயன்படுத்திவிட்டதால், இது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

சிஸ்டம்ரெஸ்கியூ என்பது லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு முழு இயங்குதளம். அதைக் கணினியில் நிறுவ வேண்டியதில்லை. பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கினால் போதும். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை நாமாகக் கட்டளையிட்டு இணைக்கும் வரை அது தொடுவதே இல்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+, டிஸ்க்கின் உடல்நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல், பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ, டிஸ்க் பகுக்கப்பட்டிருக்கும் பிரிவுகளைப் பார்க்கவும் மாற்றவும் ஜிபார்ட்டெட், அழிந்த பிரிவுகளைத் தேட டெஸ்ட்டிஸ்க், அழிந்த கோப்புகளைத் தேட ஃபோட்டோரெக் என்று பழுதுநீக்குபவரின் கைப்பையில் இருக்க வேண்டிய கருவிகள் ஏறக்குறைய எல்லாமே அதில் சேர்ந்து வருகின்றன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகவும் கிடைப்பவைதான். ஆனால் கணினி துவங்காத ஒரு காலைப்பொழுதில் அவற்றைத் தேடித் திரட்டுவது என்பது வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதற்கு ஒப்பானது.

நான் இதை நாடியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னுடைய முந்தைய மடிக்கணினி இதேபோல் உறைந்தபோது, பழுது பார்த்தவர் முதல் வேலையாக விண்டோஸை மறுபடி நிறுவினார். இரண்டு வாரம் ஓடியது, மீண்டும் நின்றது. இரண்டாம் முறை திறந்து பார்த்தபோதுதான் டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்குள் புதிய நிறுவல் பழைய கோப்புகள் பலவற்றின் மேல் எழுதிவிட்டிருந்தது. நான்கு ஆண்டுக் குறிப்புகள் அதில் போயின. சோதிக்காமல் பழுதுநீக்கத் தொடங்குவது என்ன விலை கேட்கும் என்பதை அன்று கற்றதால், இம்முறை எதையும் திருத்துவதற்கு முன் காரணத்தை அறிவது என்று முடிவு செய்துகொண்டேன். சிஸ்டம்ரெஸ்கியூவின் அமைப்பும் அந்த வரிசைக்கே இடம் கொடுக்கிறது: முதலில் பார், பிறகு நகலெடு, கடைசியில் தொடு.

பென் டிரைவைச் செருகுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சில எளிய சோதனைகள் உள்ளன. அவற்றைத் தாண்டிவிட்டு மென்பொருளிடம் போகக் கூடாது. மவுஸ், பிரிண்டர், மெமரி கார்டு, வெளி டிஸ்க் என்று இணைந்திருப்பவை அனைத்தையும் கழற்ற வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கி, முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்சமுள்ள மின்சாரத்தை வடியவிட வேண்டும். திரை உறைந்து நிற்கும் நேரத்தில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி முழுமையாக உறையவில்லை, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது என்று கொள்ளலாம். விளக்கு அசையாவிட்டால் முடக்கம் ஆழமானது. என் கணினியில் விளக்கு மாறியது, ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் சில நொடிகள் தாமதமாக. இதைவிட நல்ல முதல் தடயம் எனக்குக் கிடைத்திருக்க முடியாது.

அடுத்து, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். இலச்சினையிலேயே, புள்ளிகள் தோன்றுவதற்கு முன்பே நின்றால், பெரும்பாலும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி வன்பொருளை எழுப்பும் நிரல்) ஏதோ ஒரு வன்பொருளுக்காகக் காத்திருக்கிறது. புள்ளிகள் சுற்றும்போது நின்றால் விண்டோஸின் கருவும் (அதன் மைய நிரல்) டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) ஏறிக்கொண்டிருக்கும் கட்டம் அது. இங்கே டிஸ்க், ரேம், டிரைவர் மூன்றின் மேலும் சந்தேகம் விழும். கடவுச்சொல்லை இட்ட பின் நின்றால், தொடக்கத்தில் தானாக ஓடும் நிரல்களைப் பார்க்க வேண்டும். சிஸ்டம்ரெஸ்கியூ மிகவும் பயன்படுவது நடுக் கட்டத்தில்தான். மூன்றாவது கட்டத்துக்கு அது தேவையே இல்லை.

தயாரிப்பு வேலைக்கு வருவோம். வேறொரு கணினியில் சிஸ்டம்ரெஸ்கியூவின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு) பதிவிறக்க வேண்டும். அதன் அளவு சுமார் ஒரு ஜிபி. விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளைக் கொண்டு அதைப் பென் டிரைவில் எழுதினேன். இணையம் தவிர எனக்கு ஆன மொத்த நேரம் கால் மணிக்கும் குறைவு. பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இதற்கு அடுத்த படியில்தான் முதன்முறை பயன்படுத்துபவர்கள் இடறுகிறார்கள். பென் டிரைவிலிருந்து துவக்க, பயாஸில், ஒப்புதல் பெற்ற இயங்குதளங்களை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் என்ற அமைப்பை அணைக்க வேண்டியிருந்தது. அணைப்பது எளிது. ஆனால் டிஸ்க், விண்டோஸின் மறையாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அந்த அமைப்பு மாறியதை விண்டோஸ் கண்டுகொண்டு, அடுத்த துவக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனேயே, பயன்படுத்துபவர் அறியாமலே இந்தப் பூட்டு விழுந்திருக்கும்; சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆகவே செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன், கைபேசியிலோ வேறு கணினியிலோ அந்தக் கணக்கைத் திறந்து சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் துவங்க முடியாமல் போயின. ஒரே ஒரு கோப்பை நீக்கினால் தீரக்கூடிய சிக்கல்தான் அது. ஆனால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்த இடங்களில் சாவியைத் தேடி எடுப்பதே பெரும் வேலையாயிற்று. துவங்காத கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 48 எண்களை விட மதிப்புள்ளது வேறில்லை.

பென் டிரைவிலிருந்து துவக்கியதும் ஒரு பட்டியல் வருகிறது. வழக்கமான துவக்கம் முதலில் இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, முழு இயங்குதளத்தையும் ரேமுக்கு ஏற்றிக்கொள்ளும் இரண்டாவது தெரிவு. ஏறி முடிந்தபின் பென் டிரைவைக் கழற்றிவிடலாம். யுஎஸ்பி துளைகள் இரண்டே உள்ள மடிக்கணினியில் வெளி டிஸ்க்கை இணைக்க ஓர் இடம் கிடைக்கிறது. திரை கறுத்துப்போகும் கணினிகளுக்கென, எளிய காட்சி டிரைவருடன் துவக்கும் தெரிவும் உண்டு. மெம்டெஸ்ட்86+ஐ நேரடியாக ஓட்டும் வழியும் அதே பட்டியலில் இருக்கிறது.

துவக்கம் முடிந்தால் வண்ணத் திரை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கறுப்புத் திரையில் எழுத்துகளும் ஒரு கட்டளை வரியும் மட்டுமே இருக்கும். அங்கே ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினால் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய மேசைத்தளம் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் உள்ளே இருப்பதால், கோளாறான கணினியிலிருந்தே வழிகாட்டிகளைப் படிக்கலாம். கட்டளைவரியைப் பார்த்துப் பழகாதவர்கள் இந்தக் கறுப்புத் திரையைப் பிழை என்று எண்ணி அணைத்துவிடுவதை நேரில் கண்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லைத் திரையில் எடுப்பாகக் காட்டலாம் என்பது இதை உருவாக்குபவர்களிடம் நான் வைக்க விரும்பும் வேண்டுகோள்.

மேசைத்தளம் திறந்த அந்தக் கணத்திலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது என்பதே இந்த மென்பொருளின் முதல் பயன். மூன்று வாரமாக உறைந்து கிடந்த என் மடிக்கணினி, பென் டிரைவிலிருந்து ஒரு நிமிடத்தில் துவங்கி, நான்கு மணி நேரம் தடையின்றி ஓடியது. செயலி, திரை, மதர்போர்டு, வெப்பம் ஆகியவற்றின் மேல் இருந்த சந்தேகங்கள் ஒரே வீச்சில் மிக மங்கிவிட்டன. மிஞ்சியவை டிஸ்க்கும் அதில் உள்ள விண்டோஸும்தான். ரேமை மட்டும் தனியே பார்த்துவிட வேண்டும். ஏனெனில் பழுதான ரேம் சில நேரம் நான்கு மணி நேரம்கூட நல்லவிதமாக நடந்துகொள்ளும்.

ரேம் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெம்டெஸ்ட்86+ 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து, பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ உள்ள கணினிகளிலும் நேரடியாக ஓடுகிறது. அதற்கு முன் புதிய மடிக்கணினிகளில் அது பெரும் தொல்லையாக இருந்தது. என்னுடைய 8 ஜிபி ரேமுக்கு ஒரு முழுச் சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யம். ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் நான் ரேமை நம்பியிருக்க மாட்டேன்.

டிஸ்க்கின் சோதனைதான் இந்தக் கதையின் மையம். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்பேட்டைத் திறந்து காட்டுகிறது. அதன் தலைப்பகுதியில் ஒட்டுமொத்த முடிவு ஒன்று வரும். என் டிஸ்க்குக்கு அது ‘பாஸ்டு’ என்றே வந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் டிஸ்க் நலம் என்று முடிவு கட்டி, விண்டோஸைக் குற்றம் சாட்டியிருப்பேன். கீழே உள்ள அட்டவணையைப் படிக்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மூன்று வரிகள் முக்கியம்: எண் 5, மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்); எண் 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள்; எண் 198, திருத்த முடியாதவை. இவற்றின் கடைசிப் பத்தியில் உள்ள எண்ணிக்கை பூஜ்யமாக இருப்பதே நல்லது. எனக்கு 197இல் 312 என்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 328. எண் பெரிதாக இருப்பதை விட, கண் முன்னே ஏறிக்கொண்டிருப்பதுதான் அச்சமூட்டியது.

சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி உள்ள கணினிகளில் இந்த அட்டவணை வேறு மாதிரி இருக்கும். எஸ்எஸ்டியின் வேகமான வகையான என்விஎம்இயில் பயன்பாட்டு விழுக்காடு, மிச்சமிருக்கும் உதிரி இடம், தரவுப் பிழைகளின் எண்ணிக்கை, அவசர எச்சரிக்கை ஆகிய நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். பயன்பாட்டு விழுக்காடு நூறைத் தாண்டியும் எஸ்எஸ்டி ஓடும். ஆனால் தரவுப் பிழை வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் உடனே நகலெடுக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

டிஸ்க்கின் ஒரு மூலையில் சில செக்டர்கள் பழுதானால் கணினி ஏன் முழுவதுமாக உறைய வேண்டும் என்ற கேள்வி எழலாம். ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது டிஸ்க் உடனே கைவிரிப்பதில்லை. தலையைச் சற்றே நகர்த்தி நகர்த்தி மீண்டும் மீண்டும் முயல்கிறது. அந்த நேரம் முழுவதும் பின்னால் வரிசையில் நிற்கும் கேள்விகளுக்கு அது பதில் சொல்வதில்லை. விண்டோஸ் காத்திருந்து பார்த்து, டிஸ்க்கை மறுதொடக்கம் செய்து, அதே செக்டரை மறுபடி கேட்கிறது. இந்தச் சுழல்தான் நமக்கு உறைந்த திரையாகத் தெரிகிறது. எப்போதாவது ஒரு முயற்சி வெற்றி பெற்றுவிட்டால் கணினி அரை மணி நேரம் கழித்துத் தானாக விழிக்கிறது. முதல் இரண்டு வாரங்களில் எனக்கு நேர்ந்தது அதுதான். கேப்ஸ் லாக் விளக்கு தயங்கித் தயங்கி எரிந்ததும் இதனோடு பொருந்தி வந்தது.

இந்த நிலையில் செய்யக் கூடாத ஒன்று உண்டு. அதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். டிஸ்க்கை முழுவதும் வருடிப் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் போன்ற கருவிகளைச் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேல் ஓட்டக் கூடாது. அவை ஒவ்வொரு செக்டரையும் படிக்க வைக்கின்றன, கோப்பு அட்டவணையைத் திருத்தி எழுதுகின்றன. படிக்க முடியாத பகுதியில் இருந்த கோப்பைத் துண்டித்துவிடவும் செய்கின்றன. டிஸ்க்கிடம் மிஞ்சியிருக்கும் உயிர் நகலெடுப்பதற்கு மட்டுமே செலவாக வேண்டும். திருத்தம் நகலின் மேல் நடக்கட்டும்.

நகலெடுக்க டிடிரெஸ்கியூவைப் பயன்படுத்தினேன். மனதார நன்றி சொல்ல வேண்டிய மென்பொருள் அது. சாதாரண நகலெடுப்பு முதல் பழுதான செக்டரிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படியல்ல. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க வருவதை எல்லாம் அள்ளிக்கொண்டு, தடுக்கும் இடங்களைத் தாண்டிச் செல்கிறது. பிறகே அந்த இடங்களின் ஓரங்களுக்குத் திரும்பிவந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் விடாமல் எழுதி வருவதால், இடையில் மின்சாரம் போனாலும், டிஸ்க் சூடாகி நாமே நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பை ரேமில் வைக்காமல் வேறொரு பென் டிரைவில் வைப்பது அவசியம். ரேமில் வைத்தால் கணினியை அணைத்ததும் அது போய்விடும்.

என் 1 டிபி டிஸ்க்கின் முதல் சுற்று ஏழு மணி நேரத்தில் முடிந்தது. சுரண்டும் சுற்றுக்கு மேலும் பன்னிரண்டு மணி நேரம். முடிவில் படிக்க முடியாமல் மிஞ்சியது இரண்டு எம்பிக்கும் குறைவு. ஒரு டிபியில் இரண்டு எம்பி. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் தொலைத்த குறிப்புகள்தான் நினைவுக்கு வந்தன. அன்றும் இந்தக் கருவி இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் டிடிரெஸ்கியூவில் ஓர் ஆபத்தும் உண்டு. முதலில் எழுதுவது மூலம், இரண்டாவது எழுதுவது சேருமிடம். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் வெற்று டிஸ்க்கின் வெறுமை உங்கள் தரவின் மேல் எழுதப்பட்டுவிடும். லினக்ஸ் டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று அழைக்கிறது. இந்தப் பெயர்கள் அடுத்த துவக்கத்தில் இடம் மாறக்கூடும். எனவே ஒவ்வொரு முறையும் கொள்ளளவையும் மாடல் எண்ணையும் பட்டியலிட்டுப் பார்த்து, காகிதத்தில் எழுதிக்கொண்டு, அதன்பின்பே கட்டளையைத் தட்டினேன். நேரடியாக ஒரு டிஸ்க்கின் மேல் எழுத வேண்டுமென்றால் ‘ஃபோர்ஸ்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும் என்று அந்த மென்பொருள் வற்புறுத்துவது நல்ல காப்பு. எனினும் இருமுறை சரிபார்க்கும் பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நகலை அதே அளவுள்ள புதிய எஸ்எஸ்டியின் மேல் நேரடியாக எழுதியிருந்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டே புதியதிலிருந்து துவக்க வேண்டும். இரண்டும் ஒரே அடையாள எண்களைச் சுமந்திருப்பதால், இரண்டும் ஒன்றாக இணைந்திருக்கும்போது விண்டோஸ் குழம்பிவிடும். கழற்றினேன், துவக்கினேன். புள்ளிகள் சுற்றின, நின்ற இடத்தைத் தாண்டின, ஆனால் உடனே பழுதுநீக்கும் திரைக்குப் போயின. உறையவில்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இனி இதன் குறைகள். விண்டோஸைப் பழுதுபார்க்கும் கருவி என்று இதை எண்ணி வருபவர்கள் ஏமாறுவார்கள். பூட் கோப்புகளைத் திரும்பக் கட்டுவது, சேஃப் மோடுக்கு (மிகத் தேவையான டிரைவர்களோடு மட்டும் துவங்கும் நிலை) போவது, புதுப்பிப்பை நீக்குவது போன்றவற்றுக்கு விண்டோஸின் சொந்த மீட்புச் சூழலே இடம். வேகத் துவக்கம் இயங்கும் கணினிகளில், அதாவது விண்டோஸ் 8இல் தொடங்கி வழக்கமாகவே இயங்கும் அந்த அமைப்பில், கணினியை அணைக்கும்போது இயங்குதளத்தின் கரு உறக்கநிலைக் கோப்பாக டிஸ்க்கில் எழுதப்படுகிறது. அப்படி உறங்கும் பிரிவை லினக்ஸிலிருந்து படிக்கலாம், பாதுகாப்பாக எழுத முடியாது. பிட்லாக்கர் பூட்டைத் திறக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதுவும் கட்டளைவரியில், மீட்புச் சாவியோடு. உதவிக் குறிப்புகள் விரிவாகவும் தெளிவாகவும் எழுதப்பட்டிருந்தாலும் அனைத்தும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கட்டளைகளைத் தட்டிப் பழகாத ஒருவர் தனியாக இதைக் கையாள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

நான் பார்த்த இரண்டாவது மடிக்கணினி இந்த எல்லையை நன்றாகக் காட்டியது. அதுவும் புள்ளிகளிலேயே உறைந்தது. சிஸ்டம்ரெஸ்கியூவில் ரேம் நலம், டிஸ்க் நலம், அட்டவணையில் பூஜ்யங்கள் மட்டுமே. அங்கே அதன் வேலை முடிந்தது. ஆனால் வன்பொருளில் குறையில்லை என்று உறுதியாகத் தெரிந்ததால் விண்டோஸின் பக்கம் துணிந்து போக முடிந்தது. அணைத்துத் துவக்கினால் உறைகிறது, ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் உறைவதில்லை என்று அதன் உரிமையாளர் சொன்னது நல்ல குறிப்பு: ரீஸ்டார்ட் உறக்கநிலைக் கோப்பைப் பயன்படுத்தாமல் முழுத் துவக்கம் செய்கிறது. துவக்கத்தின் நடுவே இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து அணைத்தபின் மீட்புத் திரை வந்தது. அதன் வழியாக சேஃப் மோடுக்குப் போய், அண்மையில் புதுப்பிக்கப்பட்டிருந்த கிராஃபிக்ஸ் டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றி, வேகத் துவக்கத்தையும் அணைத்தோம். அன்றோடு சரியாயிற்று. இரண்டில் எது காரணம் என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டது என் பிழை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது கணினி இலச்சினையிலேயே நின்றது, பென் டிரைவையும் ஏற்கவில்லை. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றியதும் பென் டிரைவிலிருந்து உடனே துவங்கியது. பயாஸே அந்த டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறது. அத்தகைய நிலையில் மென்பொருளால் எதுவும் ஆகாது; அதைத் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

என் சொந்தக் கணினியில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: ஒவ்வொரு முறையும் ஏன் அதே இடத்தில் நின்றது? சிஸ்டம்ரெஸ்கியூவில் என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் என்ற சிறு கருவி ஒன்று இருக்கிறது. டிஸ்க்கின் குறிப்பிட்ட செக்டர்களில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று அது சொல்லும். டிடிரெஸ்கியூ எழுதிய வரைபடக் கோப்பிலிருந்து, படிக்க முடியாத இடங்களின் எண்களை எடுத்து, பிரிவின் தொடக்க எண்ணைக் கழித்து, ஒவ்வொன்றாக அதனிடம் கேட்டேன். ஒரு மாலை முழுவதும் பிடித்த வேலை அது. பெரும்பாலான இடங்கள் காலியாக இருந்தன, சில, பழைய பதிவிறக்கங்களின் நடுப்பகுதிகள், இரண்டு புகைப்படங்கள். கடைசிக்கு முந்தைய எண்ணைக் கொடுத்தபோது விண்டோஸின் சிஸ்டம் கோப்புறையில் உள்ள ஒரு டிரைவர் கோப்பின் பெயர் வந்தது; ஒவ்வொரு துவக்கத்திலும் கரு ஏறியவுடன் படிக்கப்படும் கோப்பு. அதன் நடுவில் வெறும் எட்டு செக்டர்கள் பழுதாகியிருந்தன, அதாவது நான்கு கேபி. புதிய எஸ்எஸ்டியில் மீட்புத் திரையின் கட்டளைவரியிலிருந்து சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கருவியை ஓட்டினேன். அது அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றியதாக அறிவித்தது. அடுத்த துவக்கத்தில் புள்ளிகள் இரண்டு சுற்று முடிப்பதற்குள் கடவுச்சொல் கேட்கும் திரை வந்துவிட்டது.